என் தோளும் மாமனாரின் கப்பியும்

முதல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் போகும் சாலை. எதிரே பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் மேல் கட்டியிருந்த தார்ப்பாய் அவிழ்ந்து பறந்ததை நான் பார்க்கவில்லை. நல்ல வெயிலில் போய்க்கொண்டிருந்தவனுக்குச் சட்டென்று இருட்டிவிட்டது, அவ்வளவுதான் தெரியும். உள்ளே கிரீஸ் வாடை அடித்தது. பிரேக் பிடித்திருக்கலாம். நானோ அந்த இருட்டுக்குள்ளேயே இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தேன். ஏன் மிதித்தாய் என்று பிறகு பலபேர் கேட்டார்கள். எனக்கே தெரியாது. கடைசியில் சின்னப் பாலத்தின் பக்கச் சுவர் வந்து நிறுத்தியது.

லாரி நின்றது. கிளீனர் இறங்கி வந்தார். அவருக்குத் தார்ப்பாய்தான் கவலை. ஒரு முனையிலிருந்து நிதானமாக மடித்துக்கொண்டே வந்தவர், பாதியில் நின்றார்.

"அண்ணே, இன்னாமோ வெயிட்டா கீது."

"கல்லு மாட்டினு இருக்கும், உதறு" என்றார் டிரைவர்.

உதறினார். நான் கத்தினேன்.

"கல்லு இல்லண்ணே. ஆளு கீறாரு."

"நம்ம ஆளா?"

"இல்லண்ணே. சைக்கிளோட கீறாரு."

என் இடது காறை எலும்பு உடைந்திருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குறுக்கே ஓடுகிற எலும்பு அது. சாதாரணமாகத் தூளிபோல் கட்டித் தொங்கவிட்டாலே கூடிவிடுமாம். என்னுடையது மூன்று துண்டாகி, ஒரு துண்டு தோலை உள்ளிருந்து முட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து ஸ்க்ரூ போட வேண்டும் என்றார்கள். என் மனைவியின் அம்மா வீடு மணவாள நகரில். பக்கத்திலேயே திருவள்ளூரில் நல்ல எலும்பு டாக்டர் இருக்கிறார், ஆபரேஷன் முடிந்தபின் அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று அவள் முடிவு செய்தாள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முந்தியே நான் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை.

எனக்கு அந்த வீட்டில் தங்குவதில்தான் தயக்கம். காரணம் என் மாமனார். நாங்கள் மூன்று வருஷத்துக்கு முன் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர் எதிர்க்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார், பஸ் ஏறிப் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். கோபம் என்று சொல்ல முடியாது. மரியாதைக் குறைவும் இல்லை. அது ஒரு நடைமுறை ஆகிவிட்டது. நான் எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். சட்னிக் கரண்டி அவர் கையில் இருக்கும். அடுப்படிப் பக்கம் திரும்பி, "அவருக்கு சட்னி வோணுமான்னு கேளு" என்பார். எனக்கும் அது பழகிவிட்டது. "போதும்னு சொல்லு" என்பேன். என் மனைவி முதலில் இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சலித்துப்போய், "ரெண்டு பேர் காதும் நல்லாத்தான் கீது" என்று விட்டுவிட்டாள். நாங்கள் விடவில்லை.

அவர் கரண்ட் கம்பம் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, முறுக்கிய உடம்பு. நான் ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியபோது வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெறும் தார்ப்பாய்தானான்னு கேளு" என்றார்.

"ஆமான்னு சொல்லு" என்றேன்.

முதல் சில நாட்கள் வலியைவிட லுங்கிதான் பெரும்பாடாக இருந்தது. ஒற்றைக் கையால் லுங்கி கட்டவே முடியாது. வாயில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு, சுவரில் இடுப்பைச் சாய்த்து முயன்று பார்த்தேன். ஒருநாள் பால்காரர் முன்னால் நழுவியதும் என் மாமியார் என் லுங்கிகளை எல்லாம் எடுத்துப்போய், இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார். அது இப்போது பாவாடை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "புத்தூருக்கு இட்டுனு போயிருக்கலாமே, எதுக்கு கத்தி வெச்சீங்க?" அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது எங்கள் பக்கமெல்லாம் பிரசித்தம். ஏற்கெனவே தையல் போட்டாயிற்று என்று சொன்னாலும் அவர்கள் விடுவதில்லை. பிளேட்டை எடுத்துவிட்டுப் போகலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தொழிற்சாலை ஆட்கள் மூன்று பேர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் என் ஃபோர்மேன். ஒருவர் ஃபிட்டர். மூன்றாமவர் கம்பிகளைச் சோதித்துத் தேறும், தேறாது என்று சொல்லும் இன்ஸ்பெக்டர். நாங்கள் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைக்காரர்கள். என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு எக்ஸ்ரேயைக் கேட்டார்கள். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னா மெட்டீரியல்னு சொன்னாங்களா?" என்றார் ஃபோர்மேன்.

"ஸ்டீல்னாங்க."

"ஸ்டீல்ல எது?"

எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் எப்படி உள்ளே வைக்க விட்டாய் என்பதுபோல் பார்த்தார்.

"ரெண்டாவது ஸ்க்ரூ சாஞ்சிருக்குது பாரு" என்றார் இன்ஸ்பெக்டர். "நம்ம லைன்ல இது வந்தா நான் பாஸ் பண்ண மாட்டேன்."

"டிரில் போடும்போதே ஆடிக்கீது" என்றார் ஃபிட்டர்.

பிறகு ஃபிட்டர் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய இரும்பைப் பிரிக்க எங்கள் யார்டில் வைத்திருக்கும் வட்டக் காந்தம். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் காந்தம் ஒட்டாது, ஒட்டினால் கலப்படம் என்றார். என்னிடம் கேட்கவில்லை. கட்டின் மேல் வைத்தார். மூன்று பேரும் குனிந்து காத்திருந்தார்கள். நான் மூச்சு விடவில்லை. காந்தம் நழுவி என் மடியில் விழுந்தது. ஃபிட்டர் திருப்தியாகத் தலையாட்டினார். துணிக்கு மேல் வைத்ததால் இந்தச் சோதனை செல்லாது என்றார் இன்ஸ்பெக்டர்.

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார், பேப்பரைத் தாழ்த்தாமலே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஆஸ்பத்திரில போட்டத்த கம்பெனில டெஸ்ட் பண்ண வேணாம்னு சொல்லு."

அந்தச் சாய்ந்த ஸ்க்ரூ என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் சொன்னேன். "ஒரு ஸ்க்ரூ சாய்ந்திருப்பதாக எங்கள் இன்ஸ்பெக்டர் சொல்கிறார், சார்." டாக்டர் யார் இன்ஸ்பெக்டர், எந்த ஸ்டேஷன் என்று பதறிப்போய்க் கேட்டார். விளக்கியதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எலும்பு எந்தப் பக்கம் உறுதியாக இருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் ஸ்க்ரூ போகும் என்றார். தையல் ஆறியதும் என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

பிசியோதெரபி மேடம் சின்ன உருவம், பெரிய குரல். முதலில் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு, கிணற்றில் வாளி ஆடுவதுபோல் ஆட்டச் சொன்னார். பிறகு சுவரில் விரல்களைப் பல்லிபோல் மேலே ஏற்றச் சொன்னார். அதன்பின் கயிறு. மேலே ஒரு கப்பி, அதில் கயிறு, இரண்டு முனையிலும் கைப்பிடி. நல்ல கையால் கீழே இழுத்தால் கெட்ட கை தானாக மேலே போகும். "தோள் மட்டம் வரைக்கும்தான். அடுத்த எக்ஸ்ரே பார்க்காமல் அதைத் தாண்டக் கூடாது" என்றார். கப்பி மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும், சின்னதாக, பிளாஸ்டிக்கில்.

வீட்டில் இதைச் சொன்னதும் மாமனாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பிளாஸ்டிக்கா? நான் பாத்துக்கறேன்னு சொல்லு."

மாலையில் ஒரு கப்பியோடு வந்தார். கம்பம் நடும்போது பாரம் தூக்கப் பயன்பட்ட இரும்புக் கப்பி அது. இரண்டு கையால் ஏந்தி வர வேண்டிய கனம். பக்கத்து வீட்டுப் பையனை ஏணியில் ஏற்றி, முன் வராண்டாவின் உத்தரத்தில் கொக்கி அடித்து மாட்டச் செய்தார். தாம்புக்கயிறு போட்டார். பி.வி.சி. பைப்பை அறுத்துக் கைப்பிடி செய்தார். நான் கயிற்றை இழுத்ததும் கப்பி கிறீச்சென்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. விளக்கெண்ணெய் விட்டோம். இன்னும் கனமான குரலில் கத்தியது. மறுநாள் பின்தெருவிலிருந்து ஒரு அம்மா குடத்தோடு வந்து, "கெணறு எங்க போட்டுகிறீங்க?" என்று கேட்டார். இது கை இழுக்கும் கப்பி என்று சொன்னதும் என்னையும் என் எலாஸ்டிக் லுங்கியையும் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் போனார்.

ஒருநாள் விடிந்தும் விடியாத நேரம். உள்ளே படுத்திருந்த எனக்குக் கப்பிச் சத்தம் கேட்டது. நான் இங்கே இருக்கிறேன், கயிற்றை யார் இழுப்பது? எழுந்துபோய்ப் பார்த்தேன். மாமனார் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் கயிற்றை இழுத்து வலது கையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். முகம் கோணிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கை இறங்கியது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த வீட்டைப் பார்த்து அவர் சொன்னார்:

"கப்பி ஓடுதான்னு பாத்தேன்னு சொல்லு."

கேட்க யாருமில்லை. நானும் அதே வீட்டைப் பார்த்து, "நல்லா ஓடுதுன்னு சொல்லு" என்றேன்.

அதன் பிறகுதான் கவனித்தேன். அவர் இடது கையால் தலை சீவினார். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்துக்கொண்டு, மீதியைச் சுற்றிப் போர்த்தினார். அலமாரியின் மேல்தட்டில் ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் மாமியாரைக் கூப்பிட்டார். மாமியாரிடம் கேட்டேன். "ஒரு வருசமா தூக்க முடியல தம்பி. சுகர் இருந்தா அப்படி தோளு இறுகிக்குமாம். ஆஸ்பத்திரிக்கு வான்னா, கம்பம் ஏறின கை, எனக்கு இன்னா வந்துச்சுங்கறாரு" என்றார்.

ரகசியம் உடைந்ததும் அவர் ஒளிப்பதை விட்டார். அதிலிருந்து காலை நாஷ்டா முடிந்ததும் கயிற்றுக்குப் போட்டி வந்தது. நான் கை கழுவி வருவதற்குள் அவர் நாற்காலியில் இருப்பார். அவர் மாத்திரை போட உள்ளே போனால் நான் உட்கார்ந்துவிடுவேன். இதற்கிடையில் பிசியோ மேடம் என்னைத் திட்டினார். "நீங்களே இழுக்கறதால வலிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திடறீங்க. கை ஏறவே இல்லையே." இதை நான் வீட்டில் சொன்னது தப்பு. கயிற்றுச் சண்டையில் பேஜாராகிப்போயிருந்த என் மனைவி, கையில் தோசைத் திருப்பியோடு வராண்டாவுக்கு வந்தாள்.

"ரெண்டு கைப்பிடி கீது. ரெண்டு பேரு கீறீங்க. அவரு கைய நீ இழு நைனா. உன் கைய அவரு இழுக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் கொஞ்சநேரம் கப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அப்படியே செய்தோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து என் கெட்ட கையால் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவர் நின்றபடி மறுமுனையைத் தன் நல்ல கையால் இழுத்தார். என் தோள் மட்டத்துக்குச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். என் கை மெதுவாக மேலே போனது. வலி ஒரு கொக்கிபோல் மாட்டியது.

"நிறுத்தச் சொல்லு" என்றேன், அடுப்படியைப் பார்த்து.

அடுப்படியில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் செய்திக்காகக் காத்திருந்தார். கையில் கயிறு இறுக்கமாக இருந்தது. என் கை அந்தரத்தில் நின்றது. தேங்காய் அரைந்து முடிந்து மிக்சி நின்றபின்தான் உள்ளிருந்து குரல் வந்தது. "நிறுத்து நைனா."

அவர் இறக்கினார். "வலிச்சிச்சான்னு கேளு."

"கொஞ்சம்னு சொல்லு."

இப்படியே பல காலைகள் போயின. சில நாள் கயிறு கொஞ்சம் வேகமாக இறங்கும்போது எனக்குச் சந்தேகம் வரும். ரிஜிஸ்டர் ஆபீஸ் கணக்கையெல்லாம் இந்தக் கயிற்றில் தீர்க்கிறாரோ என்று நினைப்பேன். பிறகு என் முறை வரும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தன் கையை என்னிடம் விடுவார். அவருக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் கயிற்றைத் தொட்டாலே கழுத்து நரம்பு புடைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவியும் மாமியாரும் திருவாலங்காடு கோயிலுக்குப் போனார்கள். "கயிற மறந்துராதீங்க" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலைச் சாத்தினாள். அன்று செய்தி சொல்ல ஆளில்லை என்பது நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அவர் இழுத்தார். கப்பி கத்தியது. என் கை கோட்டை நெருங்கியதும் வலித்தது.

"போதும்னு சொ..." என்றேன். அடுப்படியில் யாரும் இல்லை.

அவரும் அடுப்படிக் கதவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கயிறு அசையவில்லை. என் நெற்றியில் வேர்த்தது. தெருவில் ஒரு பழவண்டிக்காரர் கொய்யாப்பழம் கூவிக்கொண்டு வந்து, எங்களைப் பார்த்ததும் கூவுவதை நிறுத்தி, தாண்டிப்போனபின் மறுபடியும் கூவினார்.

"போதும், மாமா" என்றேன்.

உடனே கயிறு இறங்கியது. அவர் கைப்பிடியை மாட்டிவிட்டுத் துண்டால் முகம் துடைத்தார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வலிச்சா வாயத் தொறந்து சொல்லணும். எனக்கு இன்னா தெரியும்?"

அது எனக்குச் சொன்னதுதான். வேறு யாரும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு இடம் விட்டேன்.

அவர் உட்கார்ந்தார். நான் இழுத்தேன். அவருடைய கை தோள் மட்டத்துக்கு வந்தது. வழக்கமாக அங்கே, "போதும்னு சொல்லு" என்பார். அன்று சொல்லவில்லை. நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கை காதுப் பக்கம் போனது. அவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. வலித்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று இப்போதுதான் சொன்னவர், எப்படிச் சொல்வதென்று தேடுகிறார் என்பது எனக்குப் புரியவில்லை. வலிக்கவில்லை போலும் என்று நினைத்து இன்னும் இழுத்தேன்.

"மாப்ள" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. திடுக்கிட்டுக் கயிற்றை விட்டுவிட்டேன்.

கை பொத்தென்று மடியில் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் கப்பியே சின்னக் குரலாகிவிட்டது. என்னைத் திட்ட ஆரம்பித்தார். தார்ப்பாயில் தொடங்கினார். இருட்டில் சைக்கிள் மிதித்த மூளையைச் சொன்னார். என் கம்பெனி ஆட்கள் காந்தம் வைத்ததைச் சொன்னார். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நான் போட்டுவந்த சட்டையின் கலரைச் சொன்னார். முதல் வரவில் அவர் கொடுத்த காபியை நான் பாதியில் வைத்ததைச் சொன்னார். மூன்று வருஷமாக மகள் வழியாகக்கூடச் சொல்லாமல் விட்ட அத்தனையும் வந்தது. ஒவ்வொன்றும் நேராக என் முகத்தைப் பார்த்து. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஒரு இடத்தில், "அந்த காபில சக்கரை இல்ல மாமா" என்றேன்.

அவர் நிறுத்தினார். "சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட சொல்றது?"

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "ஐஸ் கீதா பாரு உள்ள" என்றார். பிரிட்ஜில் ஐஸ் இருந்தது. ஒற்றைக் கையால் துண்டில் சுற்றி எடுத்து வந்து அவர் தோளில் வைத்தேன். பெண்கள் கோயிலிலிருந்து வந்தபோது நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா ஆச்சு?" என்றாள்.

"கைய விட்டுட்டாரு" என்றார் மாமனார்.

மறுநாள் அவரால் டம்ளர்கூடத் தூக்க முடியவில்லை. கம்பம் ஏறின கை என்று சொல்லிப்பார்த்தார். யாரும் கேட்கவில்லை. என்னோடு பிசியோ மேடத்திடம் கிளம்பினார். மேடம் அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, இறுகின தோளை முரட்டுத்தனமாக இழுத்திருக்கிறது என்றார். எப்படி ஆனது என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தோம். கடைசியில் நான் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒருத்தர் கைய இன்னொருத்தர் இழுத்தீங்களா?"

"ஆமா மேடம்."

"எதுல?"

"கப்பில" என்றார் மாமனார். "நல்ல கப்பி. டிரான்ஸ்பார்மரே தூக்கும்."

மேடம் சிரிக்கவில்லை. இரண்டு பிளாஸ்டிக் கப்பி வாங்கச் சொன்னார். ஆளுக்கு ஒன்று. வேறு வேறு அறையில் மாட்ட வேண்டும். அவருக்குத் தனியாகச் சூட்டு ஒத்தடமும் பயிற்சியும் எழுதிக்கொடுத்து, நாள் தவறாமல் வரச் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் ஒன்றாக பஸ்ஸில் போய் ஒன்றாகத் திரும்பினோம். வழியில் பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. உனக்கு எவ்வளவு ஏறியது, எனக்கு எவ்வளவு ஏறியது, மேடம் இன்று யாரை அதிகம் திட்டினார், இவ்வளவுதான். கட்டு இருந்ததால் பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள். நான் உட்கார யோசிப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிடுவார். "எனக்குக் கட்டு இல்லியே, எவன் தருவான்?" என்பார்.

அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. சாய்ந்த ஸ்க்ரூவும் சாய்ந்தபடியே நன்றாக இருந்தது. கையைக் கோட்டுக்கு மேலே தூக்க அனுமதி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காது வரை ஏறியது. லுங்கியை நானே கட்டிக்கொண்டேன், எலாஸ்டிக்கை மாமியார் பிரித்தெடுத்து எதற்கோ பத்திரப்படுத்தினார். லேசான வேலை கொடுக்கும்படி டாக்டர் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். மாமனாரின் தோள் என்னுடையதைவிட மெதுவாகத்தான் இளகியது. அப்படித்தான் ஆகும், ஒரு வருஷம்கூடப் பிடிக்கும் என்றார் மேடம்.

நான் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பும் நாள் வந்தது. வீட்டைக் கூட்டித் துடைக்க என் மனைவி முந்தின நாளே போய்விட்டிருந்தாள். என்னை பஸ் ஏற்றிவிட மாமனார் மணவாள நகர் நிறுத்தம் வரைக்கும் வந்தார். என் பை அவருடைய இடது கையில் இருந்தது. தூரத்தில் பஸ் தெரிந்தது. அவர் வலது கையைக் காட்டி நிறுத்தினார். கை தோள் மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றது. யாருக்கோ கை நீட்டி வழி காட்டுபவர்போல் இருந்திருக்கும். டிரைவர் அவர் காட்டிய பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் வந்தார். நான் என் இடது கையைத் தூக்கினேன். காது வரை போயிற்று. அதற்குள் பஸ் எங்களைத் தாண்டிவிட்டது. பிறகு என்ன நினைத்தாரோ, டிரைவர் மளிகைக்கடை தாண்டிப் போய் நிறுத்தினார்.

"ஓடு மாப்ள" என்றார் மாமனார். பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் அவர்தான் ஓடினார்.